வீட்டு ஸ்மார்ட் மீட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் மின்கட்டணம் தொடர்பான குறைகளைக் கேட்டுப் பதிவு செய்யும் பொறுப்பைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஸ்மார்ட் மீட்டர் என்ற பேச்சு எழுந்த நாள் முதல் வரும் கேள்விகளில் பாதி அச்சத்திலிருந்து பிறப்பவை. மீதிப் பாதி, உண்மையிலேயே பதில் சொல்லியாக வேண்டியவை. இரண்டு வகைக் கேள்விகளையும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். மீட்டர் என்பது மின்வாரியத்தின் பெட்டி, அதை நாம் தொடக்கூடாது, பார்க்கவும் தேவையில்லை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. தொடக்கூடாது என்பது சரி. ஆனால், அதைப் பார்க்கவும் படிக்கவும் சோதிக்கவும் ஒவ்வொரு வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பழைய மீட்டருக்கும் ஸ்மார்ட் மீட்டருக்கும் என்ன வேறுபாடு?

நம் வீடுகளில் மூன்று தலைமுறை மீட்டர்கள் இருந்திருக்கின்றன. முதலாவது, அலுமினிய வட்டு சுழலும் மீட்டர். கறுப்புப் பெட்டிக்குள் சிவப்புக் குறியிட்ட வட்டு மெல்லச் சுற்றுவதைச் சிறுவயதில் நின்று பார்க்காதவர் குறைவு. இரண்டாவது, மின்னணு மீட்டர். அதில் வட்டுக்குப் பதிலாகச் சிறு சிவப்பு விளக்கு மினுக்கும், எண்கள் திரையில் தெரியும். மூன்றாவதான ஸ்மார்ட் மீட்டர், அளக்கும் முறையில் இரண்டாவதைப் போன்றதே. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒரு விநாடிக்குப் பல ஆயிரம் முறை மாதிரி எடுத்து, பெருக்கி, கூட்டி, யூனிட்டாக மாற்றுவதுதான் இதன் வேலையும். ஒரு கிலோவாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் அது ஒரு யூனிட். அந்தக் கணக்கு எந்த மீட்டரிலும் மாறாது.

ஸ்மார்ட் மீட்டரில் புதிதாகச் சேர்ந்தவை இரண்டு. ஒன்று, அளந்ததைத் தானாகவே அனுப்பும் தகவல்தொடர்புப் பகுதி. இது அலைபேசிச் சேவையின் சிம் வழியாகவோ, அருகிலுள்ள மீட்டர்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றி அனுப்பும் ரேடியோ வலை வழியாகவோ இயங்கும். மற்றொன்று, அலுவலகத்திலிருந்தே இணைப்பைத் துண்டிக்கவும் மீண்டும் கொடுக்கவும் உதவும் உள்சுவிட்ச். மக்களின் அச்சங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது பகுதியைச் சுற்றியே இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

இவ்வளவு செலவு செய்து எதற்காக மாற்றுகிறார்கள்?

மின் பகிர்மான நிறுவனங்களின் இழப்பைக் குறைப்பதற்காக. 2021-இல் மத்திய அரசு சுமார் 3.03 லட்சம் கோடி ரூபாய் மதிப்பில் மறுசீரமைக்கப்பட்ட பகிர்மானத் துறைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துவது அதன் முக்கிய இலக்கு. தமிழ்நாட்டில் சென்னை தியாகராய நகர்ப் பகுதியில் சோதனை முயற்சியாக ஏறத்தாழ 1.4 லட்சம் மீட்டர்கள் பொருத்தப்பட்டன. யாருக்கு எவ்வளவு மின்சாரம் போகிறது, எந்த மின்மாற்றியில் சுமை மிகுகிறது, எங்கே திருட்டு நடக்கிறது என்பதை அன்றன்றே அறிய முடிவது நிறுவனத்துக்குக் கிடைக்கும் ஆதாயம். நுகர்வோருக்கும் ஆதாயம் உண்டு, ஆனால் அது தானாக வந்து சேராது. நாம் அந்தத் தகவலைப் பயன்படுத்தினால்தான் கிடைக்கும்.

மீட்டருக்கு நான் பணம் கட்ட வேண்டுமா?

பொருத்தும்போது கட்ட வேண்டியதில்லை. மத்தியத் திட்டத்தின்படி, பெரும்பாலான மாநிலங்களுக்கு மீட்டர் செலவில் 15 விழுக்காடு, அதாவது மீட்டருக்கு அதிகபட்சம் 900 ரூபாய், மானியமாகக் கிடைக்கிறது. மீதியை மீட்டரைப் பொருத்திப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனம் முதலீடு செய்து, பகிர்மான நிறுவனத்திடமிருந்து மாதத் தவணையாகப் பெற்றுக்கொள்ளும் வகையில் திட்டம் அமைக்கப்பட்டுள்ளது. அந்தத் தவணை கடைசியில் பகிர்மான நிறுவனத்தின் செலவுக் கணக்கில் சேரும் என்பதையும், கட்டண நிர்ணயத்தின்போது அந்தச் செலவு கணக்கில் வரும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மீட்டர் மாற்ற வந்தவர் கையில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்; ரசீது கேளுங்கள், பிரிவு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

மீட்டர் மாற்றும் நாளில் நான் என்ன செய்ய வேண்டும்?

மூன்று வேலைகள் இருக்கின்றன. அவற்றில் முதலாவதை மட்டும் செய்தால்கூடப் போதும் என்பேன்.

பழைய மீட்டரைக் கழற்றுவதற்கு முன், அதன் கடைசி எண்ணையும் மீட்டரின் வரிசை எண்ணையும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியும்படி அலைபேசியில் படம் எடுங்கள். எங்கள் சங்கத்துக்கு வந்த முறையீடுகளில் தீர்க்க மிகக் கடினமாக இருந்தவை, பழைய மீட்டர் கையை விட்டுப் போனபின், அதன் இறுதி ரீடிங் என்ன என்பதில் எழுந்த சர்ச்சைகளே. மாற்றம் நடந்த காலத்துக்கான பில்லில் பழைய மீட்டரின் மீதி யூனிட்டுகளும் புதிய மீட்டரின் தொடக்க யூனிட்டுகளும் கூட்டப்படும். பழைய மீட்டரில் ஓர் இலக்கம் தவறாக எழுதப்பட்டாலும் ஆயிரக்கணக்கில் வேறுபாடு வரும். அப்போது உங்கள் பக்கம் இருக்கும் ஒரே சான்று அந்தப் படம்தான்.

அடுத்து, புதிய மீட்டரின் தொடக்க எண்ணையும் படம் எடுங்கள். பெரும்பாலும் அது சுழியமாகவோ, தொழிற்சாலைச் சோதனையில் ஓடிய மிகச் சிறிய எண்ணாகவோ இருக்கும். பிறகு, மாற்றத்துக்கான படிவத்தில் இரண்டு எண்களும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தபின் கையெழுத்திடுங்கள். வீட்டில் முதியவர்கள் மட்டும் இருந்தால், பக்கத்து வீட்டாரை அழைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

திரையில் மாறி மாறி வரும் எண்கள் எவை?

மீட்டரின் பொத்தானை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அடுத்த தகவல் வரும். தேதி, நேரம், மின்னழுத்தம், மின்னோட்டம், அந்த நொடியில் ஓடும் சுமை, இதுவரை செலவான மொத்த யூனிட், அதிகபட்சத் தேவை (ஒரே நேரத்தில் எடுத்த மிகக் கூடுதலான சுமை), திறன் காரணி (எடுத்த மின்சாரத்தில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் போகிறது என்ற விகிதம்) ஆகியவை பொதுவாக வரும். இவற்றில் குழப்பம் தருவது ஒன்றுண்டு. கிலோவாட் மணி, கிலோவோல்ட் ஆம்பியர் மணி என இரண்டு மொத்தங்கள் அடுத்தடுத்து வரும். இரண்டாவது எப்போதும் முதலாவதற்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ இருக்கும். வீட்டு இணைப்புக்குக் கட்டணம் கிலோவாட் மணியில்தான் கணக்கிடப்படுகிறது. ஒரு பெரியவர் கூடுதலான எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, அந்த எண்ணுக்கும் பில்லுக்கும் பொருந்தவில்லை என்று இரண்டு மாதம் அலைந்தார். எனவே அலகைப் பார்த்து எழுதுங்கள்.

ஸ்மார்ட் மீட்டர் வேகமாக ஓடுகிறது, பில் கூடுகிறது என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்வது நேர்மையாகாது. 2024 மே மாதம் குஜராத்தின் வதோதராவில் மக்கள் தெருவில் இறங்கிப் போராடியதும் இந்தக் கேள்வியை வைத்தே.

பழைய வட்டு மீட்டர்கள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தாங்குமுனை தேய்ந்து, தூசு சேர்ந்து, மெதுவாகச் சுழலத் தொடங்கும். மிகச் சிறிய சுமைகளில் வட்டு நகராமலேயே நிற்பதும் உண்டு. அவற்றின் துல்லிய வகுப்பு 2, அதாவது புதிதாக இருக்கும்போதே 2 விழுக்காடு வரை முன்பின் இருக்கலாம். ஸ்மார்ட் மீட்டர்களில் பொதுவாகப் பயன்படும் வகுப்பு 1-இல் அது 1 விழுக்காடு. பல ஆண்டுகளாகக் குறைவாகக் காட்டி வந்த மீட்டரை எடுத்துவிட்டுச் சரியான மீட்டரை வைத்தால் பில் கூடத்தான் செய்யும். அதில் மீட்டரின் குற்றம் எதுவும் இல்லை. எனினும் மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்த உயர்வு சுமைதான் என்பதையும் மறுக்க முடியாது.

சிறு சுமைகள் எவ்வளவு சேர்கின்றன என்று பாருங்கள். பத்து வாட் எடுக்கும் செட்டாப் பாக்ஸை அணைக்காமல் விட்டால் 60 நாளில் 14.4 யூனிட் ஆகிறது. அதே அளவில் ஒரு வைஃபை ரௌட்டரும் இருந்தால் இரண்டும் சேர்ந்து 28 யூனிட்டுக்கு மேல். தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றிருக்கும்போது, அதில் கால்பங்குக்கும் மேல் யாரும் பார்க்காத இரண்டு பெட்டிகள் தின்றுவிடுகின்றன.

மின்னணு மீட்டர் ஒருபோதும் தவறாது என்று சொல்வதும் சரியல்ல. 2017-இல் நெதர்லாந்தின் துவெந்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்பது மின்னணு மீட்டர்களைச் சோதித்தபோது, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இணைத்த விளக்குகள் போன்ற, மின்னோட்டத்தை வெட்டி வெட்டி எடுக்கும் சுமைகளில் ஐந்து மீட்டர்கள் உண்மையைவிட மிகக் கூடுதலாகக் காட்டின. ஒன்றில் பிழை 582 விழுக்காடு வரை சென்றது. அது ஆய்வகத்தில் வேண்டுமென்றே உருவாக்கிய கடுமையான சுமை. சாதாரண வீட்டுச் சுமையில் அப்படி நேர்வதில்லை. இருந்தாலும், மீட்டரும் சோதனைக்கு உட்பட்ட கருவிதான் என்பதற்கு அது போதிய சான்று.

ஆனால், எங்கள் பகுதியில் வந்த முறையீடுகளில் அதிகமாகக் கண்ட காரணம் இவை எதுவும் அல்ல. அதை அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

நியூட்ரல் கலந்திருந்தால் பில் கூடும் என்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

வீட்டுக்குள் பேஸ் வயர் வழியாக நுழையும் மின்னோட்டம் முழுவதும், கருவிகளைக் கடந்து, அதே இணைப்பின் நியூட்ரல் வயர் வழியாகத் திரும்ப வேண்டும். பழைய வட்டு மீட்டர் பேஸ் வயரில் ஓடுவதை மட்டுமே அளந்தது. நியூட்ரல் எங்கே போகிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஸ்மார்ட் மீட்டர் இரண்டு வயர்களையும் தனித்தனியே அளக்கிறது. மின்திருட்டைத் தடுப்பதற்காக, இரண்டில் எது அதிகமோ அதை வைத்தே யூனிட்டைக் கணக்கிடும்படி அது வடிவமைக்கப்பட்டுள்ளது. 2000-களுக்குப் பின் வந்த மின்னணு மீட்டர்கள் பலவற்றிலும் இந்த ஏற்பாடு உண்டு.

ஒரே கட்டடத்தில் கீழ்த்தளத்துக்கு ஓர் இணைப்பும் மாடிக்கு ஓர் இணைப்பும் இருக்கும் வீடுகளில் இதனால் சிக்கல் வருகிறது. கட்டும்போது, வயர் மிச்சமாகட்டும் என்று இரண்டு தளத்துக்கும் ஒரே நியூட்ரலை இழுத்திருப்பார்கள். அல்லது பின்னால் மாடி எடுத்தபோது கீழ்த்தளத்துப் பெட்டியிலிருந்து நியூட்ரலை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். தண்ணீர் மோட்டாரைக் கீழ்த்தள மீட்டரிலிருந்தும் மாடி மீட்டரிலிருந்தும் இயக்கிக்கொள்ள ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருந்தது. ஒரு மாதம் நாங்கள், ஒரு மாதம் மாடியில் குடியிருப்பவர்கள் என்பது ஏற்பாடு. புது மீட்டர் வந்தபின் எங்களுக்கு முறை இல்லாத மாதத்திலும் எங்கள் கணக்கில் நாளொன்றுக்கு ஒரு யூனிட் கூடுதலாக ஏறியது. எலெக்ட்ரீஷியன் வந்தார். எங்கள் மெயினிலிருந்து செல்லும் எல்லா எம்.சி.பி.களையும் (சுமை மிகுந்தால் பேஸைத் தானே துண்டிக்கும் சிறு சுவிட்ச்சுகள்) கீழே தள்ளச் சொன்னார். வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. பிறகு மாடி மீட்டரிலிருந்து மோட்டாரைப் போடச் சொன்னார். எங்கள் மீட்டரின் சிவப்பு விளக்கு படபடவென்று மினுக்கத் தொடங்கியது. வயரைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை எங்கள் பேஸ் வயரில் மாட்டினார், ஒன்றும் காட்டவில்லை. நியூட்ரல் வயரில் மாட்டினார். 5 ஆம்பியருக்குச் சற்று மேல் காட்டியது. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பேஸை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தது. நியூட்ரல் நிரந்தரமாக எங்கள் பக்கமே இருந்தது. மாடி மீட்டர் பேஸைப் பார்த்து ஒரு யூனிட் எழுத, எங்கள் மீட்டர் நியூட்ரலைப் பார்த்து இன்னொரு யூனிட் எழுதியது. ஒரு முறை ஓடிய மோட்டாருக்கு இரண்டு வீட்டிலும் கணக்கு. இரு மாதத்துக்கு 30 யூனிட் இப்படிப் போய்க்கொண்டிருந்தது. பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் இருமுனைச் சுவிட்ச்சைப் பொருத்தியதும் சிக்கல் அன்றே தீர்ந்தது.

மோட்டார் மட்டுமல்ல, படிக்கட்டு விளக்கு, வாசல் விளக்கு, இன்வெர்ட்டர் இணைப்பு ஆகியவற்றிலும் இது நடக்கும். ஓர் எளிய அறிகுறி உண்டு. கீழ்த்தளத்தின் மெயின் இருமுனைச் சுவிட்ச்சாக இருந்து, அதை அணைத்தவுடன் மாடியிலோ படிக்கட்டிலோ ஏதாவது ஒரு விளக்கும் அணைந்தால், அந்த விளக்கின் நியூட்ரல் கீழ்த்தளத்திலிருந்து போகிறது என்று பொருள். பில் கூடியதாக எண்ணும் எல்லோரையும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். வயரிங்கைத் திறந்து திருத்தும் வேலையை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். மீட்டரின் முகப்பில், ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். சிலவற்றில் 3200, சிலவற்றில் 1600 அல்லது 1000. சிவப்பு விளக்கு ஒரு முறை மினுக்குவது ஒரு துடிப்பு.

முதலில் வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள்; ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், ரௌட்டர், மணி அடிக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் உட்பட. அப்போது விளக்கு மினுக்கக் கூடாது. மினுக்கினால், மறந்துபோன ஏதோ ஒரு கருவி ஓடுகிறது, அல்லது மேலே சொன்ன நியூட்ரல் கலப்போ கசிவோ இருக்கிறது.

அடுத்து, தெரிந்த சுமை ஒன்றை மட்டும் இயக்குங்கள். இஸ்திரிப் பெட்டி வேண்டாம். அது சூடானதும் தானே நின்று நின்று ஓடும். வாளித் தண்ணீரில் முழுவதும் மூழ்கிய 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு நல்லது. 3200 துடிப்பு மீட்டரில், ஒரு நிமிடத்துக்கு 80 முறை மினுக்க வேண்டும். ஒருவர் கடிகாரத்தைப் பார்க்க மற்றவர் எண்ணினால் தவறாது. எண்ணி முடித்ததும் ராடை அணைத்துப் பிளக்கை எடுத்தபின்தான் தண்ணீரில் கை வைக்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ராடின் 1500 வாட் என்பது 230 வோல்ட்டுக்கானது. உங்கள் தெருவில் 210 வோல்ட்தான் வருகிறதென்றால் அது ஏறத்தாழ 1250 வாட் மட்டுமே எடுக்கும். நிமிடத்துக்கு 67 துடிப்புதான் வரும். எனவே சோதனையின்போது திரையில் மின்னழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனை ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது. ராடிலும் சில விழுக்காடு வேறுபாடு இருக்கும். ஆனால் மீட்டர் இரட்டிப்பாக ஓடுகிறது என்ற ஐயம் இருந்தால், அதைத் தீர்க்க இந்த ஐந்து நிமிடம் போதும்.

சோதித்த பின்னும் ஐயம் தீரவில்லை. யாரிடம் போவது?

மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020-இல் வந்தன. 2024 பிப்ரவரித் திருத்தம் நமக்குப் பெரிய துணை. ரீடிங் உண்மையான பயன்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்று நுகர்வோர் முறையிட்டால், ஐந்து நாளுக்குள் கூடுதலாக ஒரு சரிபார்ப்பு மீட்டரைப் பொருத்த வேண்டும். குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்று அது கூறுகிறது. முறையீட்டை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, தேதியுடன் ஒப்புகை பெறுங்கள்.

தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். பிரிவு அலுவலகத்தில் தீராவிட்டால், ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் உள்ள மின் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றத்துக்குச் செல்லலாம். அங்கும் மனநிறைவு இல்லையென்றால் மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இவை 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு தந்திருக்கும் வழிகள்.

100 யூனிட் இலவசம் போய்விடுமா?

மீட்டர் மாறுவதால் போகாது. இலவச யூனிட் மாநில அரசு தரும் மானியம். மீட்டர் அளக்கும், கட்டணம் எவ்வளவு என்பதை அது தீர்மானிப்பதில்லை.

இதோடு தொடர்புடைய ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். நம்மிடம் இரு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கான சலுகைக் கட்டண அடுக்கு கிடைக்காது. கணக்கீட்டாளர் 60-ஆம் நாளுக்குப் பதில் 65-ஆம் நாள் வந்தால், நாளுக்கு 8 யூனிட் எரிக்கும் வீடு 480-இலிருந்து 520-க்குப் போய்விடும். பூட்டிய வீடு என்று எழுதிச் சென்று சராசரி போடுவதும் இப்படிப்பட்ட சங்கடத்தையே தரும். தானாக அனுப்பும் மீட்டரில் குறித்த நாளில் ரீடிங் எடுக்கலாம். மாதந்தோறும் கணக்கெடுக்கும் முறையும் இந்த மீட்டர்கள் வந்தால் எளிதாகும்.

ப்ரீபெய்டு ஆக்கிவிட்டு, நள்ளிரவில் துண்டித்துவிடுவார்களா?

பீகார் போன்ற மாநிலங்களில் முன்பணம் செலுத்தும் முறை பெரிய அளவில் நடைமுறையில் உள்ளது. அதே மீட்டர் பின்பணம் செலுத்தும் முறையிலும் இயங்கும். எந்த முறை என்பது அலுவலகத்தில் அமைக்கப்படும் ஒன்று. ப்ரீபெய்டு முறையில் வைப்புத்தொகை கேட்க முடியாது என்று மின்சாரச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு சொல்கிறது. மாறினால், ஏற்கெனவே கட்டியிருக்கும் வைப்புத்தொகையைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

பின்பணம் செலுத்தும் இணைப்பைப் பாக்கிக்காகத் துண்டிக்க, 15 முழு நாள் அவகாசம் தந்து எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது 56-ஆவது பிரிவு. ஒரு பொத்தானில் துண்டிக்கும் வசதி வந்ததால் இந்த அறிவிப்புக் கடமை குறைந்துவிடவில்லை. வீட்டில் ஆக்சிஜன் கருவியோ, டயாலிசிஸ் கருவியோ பயன்படுத்துபவர் இருந்தால், அதைப் பிரிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். தொலைதூரத் துண்டிப்பில் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. வாசலில் நின்று நிலைமையைச் சொல்லிப் புரியவைக்கும் வாய்ப்பும் இல்லை. இந்தத் தொழில்நுட்பத்தில் என்னை உண்மையிலேயே கவலைகொள்ள வைப்பது இந்த ஒன்றுதான்.

பகலுக்கு ஒரு விலை, இரவுக்கு ஒரு விலை வருமா?

2023-இல் திருத்தப்பட்ட மத்திய விதிகள், சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் குறைந்தது 20 விழுக்காடு குறைவாகவும், உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதலாகவும் கட்டணம் இருக்க வேண்டும் என்கின்றன. ஆயினும் ஒவ்வொரு மாநிலத்திலும் கட்டணத்தை நிர்ணயிப்பது அந்த மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அதன் ஆணையில் வீட்டு இணைப்புக்கு என்று எழுதப்பட்டால்தான் உங்களுக்குப் பொருந்தும். அப்படி வந்தால் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் ஆகியவற்றைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம். பகல் முழுதும் வேலைக்குப் போய் இரவில் சமைக்கும் குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை என்பதை ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இணைப்புக்கு அனுமதித்த சுமையைத் தாண்டினால் அபராதமா?

மீட்டர் அதிகபட்சத் தேவையைக் குறித்துவைக்கிறது, ஏ.சி., கீசர், மோட்டார் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்ட அரை மணி நேரம் அதில் தெரிந்துவிடும். ஆனால் மின் நுகர்வோர் உரிமை விதிகளின் 2023 திருத்தத்தின்படி, மீட்டர் பொருத்துவதற்கு முந்தைய காலத்துக்கு அதைக் காட்டி அபராதம் விதிக்க முடியாது. ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை தாண்டியிருந்தால்தான் சுமையை உயர்த்தலாம். அப்போதும் தாண்டிய மாதங்களில் மிகக் குறைவான அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிக்னல் இல்லாவிட்டால்? மின்தடை வந்தால்?

சிக்னல் இல்லாதபோது மீட்டர் அளப்பதை நிறுத்துவதில்லை. நினைவகத்தில் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்பும். மின்தடை ஏற்பட்டால், உள்ளே சேமித்திருக்கும் சிறிதளவு மின்சாரத்தைக் கொண்டு, மின்சாரம் போய்விட்டது என்ற கடைசிச் செய்தியை அனுப்பும் வசதியும் இதில் உண்டு. புயல் காலத்தில் எந்தத் தெரு இருண்டிருக்கிறது என்பதை யாரும் தொலைபேசியில் சொல்லாமலே அலுவலகம் அறிய இது உதவும்.

கதிர்வீச்சு உண்டா? என் வீட்டுச் செய்தி வெளியே போகுமா?

நாளில் சில முறை, மிகக் குறுகிய நேரம், ரேடியோ அலையில் தகவல் அனுப்புகிறது. காதருகே வைத்துப் பேசும் அலைபேசியோடு ஒப்பிட, வெளிச்சுவரில் இருக்கும் மீட்டரிலிருந்து நம் உடலை அடைவது மிகச் சிறிது.

இரண்டாவது கேள்வியை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. அரை மணிக்கு ஒரு முறை பதிவாகும் அளவைப் பார்த்தால், வீட்டார் எப்போது எழுகிறார்கள், எந்த வாரம் ஊரில் இல்லை என்பதைக் கணிக்கலாம். இந்தியத் தரத்துக்கு உட்பட்ட மீட்டர்கள் தகவலை மறையாக்கம் செய்தே அனுப்புகின்றன. வழியில் யாரும் படிப்பது கடினம். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் அதை யார் பார்க்கிறார்கள் என்பதே கேள்வி. பயன்பாட்டைப் பார்க்க உதவும் அலைபேசிச் செயலியின் கடவுச்சொல்லை வேறு யாருக்கும் தராதீர்கள். மீட்டரைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்று வரும் குறுஞ்செய்திகளில் உள்ள இணைப்பைத் தொடவே தொடாதீர்கள், அது மோசடி.

கூரையில் சோலார் வைத்திருக்கிறேன்.

இருதிசையிலும் அளக்கும்படி அமைத்த மீட்டர்தானா என்று உறுதிசெய்யுங்கள். ஒருதிசை அமைப்பில் விட்டுவிட்டால், நீங்கள் வெளியே கொடுக்கும் மின்சாரத்தையும் வாங்கியதாகவே அது எழுதும். நல்ல வெயில் நேரத்தில், வீட்டில் சுமை குறைவாக இருக்கும்போது, ஏற்றுமதி எண் கூடுகிறதா, இறக்குமதி எண் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

காந்தம் வைத்தால் மீட்டர் மெதுவாகும் என்கிறார்கள்.

செய்யாதீர்கள். அது சட்டப்படி மின்திருட்டு. மின்சாரச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. வலுவான காந்தத்தை உணர்ந்தால் அதை நிகழ்வாகப் பதிந்து, தன் அதிகபட்ச மின்னோட்டம் ஓடுவதாகவே கணக்கிடும் மீட்டர்களும் உள்ளன. 30 ஆம்பியர் மீட்டரில் அது நாளுக்கு 165 யூனிட்.

என் பெற்றோரிடம் ஸ்மார்ட்போன் இல்லை. அவர்கள் என்ன செய்வது?

இங்கிலாந்தில் ஸ்மார்ட் மீட்டரோடு வீட்டுக்குள் வைத்துப் பார்க்கும் சிறு திரை ஒன்றையும் தருகிறார்கள்; நம்மிடம் செயலியும் குறுஞ்செய்தியும்தான். முதியோருக்கு இது குறைதான், கேட்டுப் பெற வேண்டியதும்கூட. அதுவரை மீட்டரின் பொத்தானே போதும். என் அம்மாவுக்கு 74 வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டதும், பொத்தானை அழுத்திக் கிலோவாட் மணி எண்ணைப் பார்த்து, சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரின் அன்றைய தாளில் எழுதுவார். தாளைக் கிழித்தபின் ஆணியில் குத்திவைப்பார். வாரத்துக்கு 40-க்குள் இருந்த எண்ணிக்கை ஒரு முறை 55 என்று ஏறியபோது, ஃபிரிட்ஜின் கதவு ரப்பர் கிழிந்து குளிர் வெளியேறிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.